எண்பத்து நான்காம் பக்கம்

"இந்தக் கட்டடத்துல எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க டாக்மார். எனக்கு அதான் சந்தேகமா இருக்கு" என்றான் மெல்கர்.

டாக்மார் எக்லுண்ட் ஆய்வகத்தின் மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் நின்று, நனைந்த தொப்பியை உதறிக்கொண்டிருந்தாள். ஸ்வீடனில், உப்சாலா போலீஸில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, மேலதிகாரியின் முகத்தில் ராஜினாமாவை வீசிவிட்டு வந்து, சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். வயது ஐம்பத்தேழு. அவளிடம் நாலு வருஷமாக மாரடிக்கும் மெல்கர் அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் விற்றவன். ஆகவே மனிதர்கள்மேல் அவனுக்கு நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

"மணி என்ன?"

"பதினொன்று நாற்பது. மூணு மணிக்கு விசாரணைக் குழு. மூணு பத்துக்கு ஃபிலிப்பா கதை முடிஞ்சிடும்."

"நீ முடிக்காம இருந்தா சரி."

ஃபிலிப்பா கின்டேலா கீழே காரில் உட்கார்ந்திருந்தாள். அவள் நுழைவு அட்டையை முடக்கி மூன்று வாரம் ஆகிறது. போர்ச்சுகலில் இருந்து முனைவர் பட்டத்துக்காக வந்த பெண். திங்கட்கிழமை ஆபீஸ் படியேறி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் சொன்ன கதை மெல்கருக்கு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"செல்லோட மேல்தோல்ல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. காலிங்பெல்னு வெச்சுக்கங்க. யாராவது வந்து அமுக்கினா செல் வளரும். இந்த நுரையீரல் கேன்சர்ல அந்தப் பெல் மாட்டிக்கிட்டு தானாவே அடிச்சுக்கிட்டே இருக்கு. அதைக் கண்டுபிடிச்சது எங்க பேராசிரியர் ஸ்டெல்லான் வின்பெர்க். பெல் வாயை அடைக்கிறதுக்கு மருந்தும் கண்டுபிடிச்சார். வர்ற திங்கக்கிழமை முதல் பன்னிரண்டு நோயாளிங்களுக்குக் கொடுக்கப் போறாங்க."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். ஆனா சில பேரோட செல்லுல பின்வாசல்ல இன்னொரு பெல் இருக்கு. முன்வாசல் பெல்லை அடைச்சா, அது மூணு மடங்கு சத்தமா அடிக்குது. அவங்களுக்கு அந்த மருந்து விஷம். முதல்ல யாருக்குப் பின்வாசல் பெல் இருக்குன்னு பாருங்க, அப்புறம் மருந்து கொடுங்கன்னு எழுதிக் கொடுத்தேன்."

எழுதிக் கொடுத்த ஒரே வாரத்தில் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. அவள் குறிப்புக் கோப்பில் எண்பத்து நான்காம் பக்கத்தைப் பாருங்கள் என்று. பார்த்தார்கள். ஜூலை மாதச் சோதனையில் அவள் செல்களுக்குப் பாதி அளவு மருந்துதான் ஊற்றியிருந்தாள் என்று அந்தப் பக்கம் சொன்னது. அறிக்கையில் முழு அளவு என்று இருந்தது. பாதி மருந்து கொடுத்தால் கேன்சர் திரும்பி வராமல் என்ன செய்யும்? ஆகவே ஃபிலிப்பா பொய்க்காரி. அவள் கண்டுபிடிப்பும் பொய்.

"அது நான் எழுதின பக்கமே இல்ல. யாரோ என் பக்கத்தை உருவிட்டு அதைச் செருகியிருக்காங்க" என்று மட்டும்தான் அந்தப் பெண்ணால் சொல்ல முடிந்தது.

செருகுவதும் சுலபம். கோப்பு வளையத்தில் மாட்டும் தனித்தாள்கள். எழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. யார் படித்தாலும் புரிய வேண்டும் என்று இந்த ஆய்வகத்தில் எல்லோரும் அச்செழுத்து மாதிரி பிரித்துப் பிரித்துத்தான் எழுத வேண்டும். கோப்புகள் இருக்கும் அலமாரிக்கு இரண்டே சாவி. ஒன்று பேராசிரியரிடம். இன்னொன்று முப்பத்தோரு வருஷமாக ஆய்வகத்தைக் கட்டி மேய்க்கும் குனில்லாவிடம்.

"எனக்கு இதுல துப்பறியவே ஒண்ணும் இல்ல. பேராசிரியர்தான். திங்கக்கிழமை அவர் மருந்துக்கு நல்ல நாள். குறுக்க ஒரு பொண்ணு வந்து நின்னா சும்மா விடுவாரா?" என்றான் மெல்கர்.

"ரெண்டாவது சாவி?"

"அந்தம்மாவா? அவங்க நமக்கு ஏலக்காய் பன் கொடுத்தாங்க டாக்மார். சூடா."

"அதான் கேக்கறேன்."

காபி அறையில் குனில்லா சாண்டெலின் இரண்டாவது கோப்பையை ஊற்றிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டிய, கைச்சட்டையை முழங்கைவரை மடித்துவிட்ட, நிற்க நேரமில்லாத பெண்மணி. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியிருந்தாள். "ரூனே, புளுபெர்ரி சூப்பைச் சுட வெச்சுக் குடி. ஆமா, குடிச்சே ஆகணும். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"வீட்டுக்காரர். இருமல். ஆம்பளைங்களுக்கு இருமல் வந்தா வீடே படுத்துடும், தெரியும்ல?"

"எனக்கு வந்தா தெருவே படுத்துடும்" என்று மெல்கர் பன்னை எடுத்துக்கொண்டான்.

டாக்மார் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேக் முறைப் பட்டியல். வெள்ளிக்கிழமைக் காபிக்கு ஒவ்வொரு வாரமும் ஒருவர் கேக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவர் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. மொத்தப் பட்டியலிலும் இரண்டே சிவப்புக் கோடுகள். இரண்டும் ஃபிலிப்பாவுக்கு. வாரம் 23, வாரம் 33. இந்த நாட்டில் ஜனவரியில் இருந்து வாரங்களை எண்ணித்தான் நாள் குறிப்பார்கள். மூன்றாவது முறை, வாரம் 38க்குப் பக்கத்தில், பென்சிலால் சின்னதாக 'செப்டம்பர் 19' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதில் கோடு இல்லை.

"இந்தத் தேதி யார் எழுதினது?"

"நான்தான்" என்றாள் குனில்லா. "பாவம், வாரம் 33ன்னா என்னன்னே அதுக்குத் தெரியல. ரெண்டு தடவை கேக் இல்லாம எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு காஞ்ச ரொட்டி தின்னோம். அப்புறம்தான் எனக்கே உறைச்சது. இவங்க ஊர்ல வாரத்துக்கெல்லாம் நம்பர் கிடையாதாம்! எப்படித்தான் பொழைக்கறாங்களோ."

டாக்மார் சிரித்தாள். மெல்கரும் சிரித்தான். டாக்மாரின் சிரிப்பு பாதியில் நின்றுபோனதை அவன் மட்டும் கவனித்தான்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவள் கைப்பையில் இருந்து எண்பத்து நான்காம் பக்கத்தின் நகலை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதை எத்தனை தடவை பார்த்திருப்பே?"

"ஐம்பது. கனவுல பார்த்ததையும் சேத்தா ஐம்பத்தொன்று."

"மேல என்ன எழுதியிருக்கு?"

"வா. 29. திங்கள், புதன், வெள்ளி. செல்லுக்குத் தீனி மாத்தினது. மருந்து பாதி. அதான் தெரியுமே."

"முன்னாடி பக்கத்துல?"

அவன் நகல்களைப் புரட்டினான். எண்பத்து மூன்றாம் பக்கத்தில் 11/7. எண்பத்து ஐந்தில் 21/7. அதற்கு முன்னும் பின்னும் எல்லாப் பக்கத்திலும் தேதி, சாய்கோடு, மாதம். எண்பத்து நான்கில் மட்டும் வாரம்.

"அடக் கடவுளே!" என்றான் மெல்கர். ஐம்பது தடவை பார்த்தும் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? அவன் இந்த ஊரில் பிறந்தவன். பல் டாக்டரிடம் வாரம் 41ல் போனான். அக்கா பிள்ளைகளுக்கு வாரம் 44ல் ஸ்கூல் லீவு. 'வாரம் 29' என்றால் அவனுக்கு ஊரே காலியாகிக் கோடை வீட்டுக்குப் போய்விடும் ஜூலை என்று தானாகவே புரியும். விசாரணைக் குழுவில் இருக்கும் ஐந்து பேரும் இதே ஊர்க்காரர்கள். அவர்களுக்கும் அது உறுத்தவில்லை.

டாக்மார் போனைப் போட்டு ஸ்பீக்கரை அமுக்கினாள். "ஃபிலிப்பா, யோசிக்காம பதில் சொல்லு. அந்தப் பக்கத்துல மேல 29ன்னு இருக்கே, அது என்ன?"

"பெட்டி நம்பர்தானே? உறைய வெச்ச செல் குப்பி இருக்கிற பெட்டி" என்றது காரில் இருந்து வந்த குரல். "ஏன், இல்லையா?"

டாக்மார் போனை வைத்தாள்.

"ஆக, எழுதினது நம்ம ஊர்க்காரங்க. இது ஃபிலிப்பா எழுதினதில்லன்னு இப்ப எனக்குத் தெரியும். ஆனா குழு இதை ஒத்துக்குமா? 'அன்னிக்கு மட்டும் வாரம் எழுதினா என்ன'ன்னு கேப்பாங்க. யார் எழுதினாங்கன்னு காட்டணும் மெல்கர். ரெண்டு சாவி."

"ஒரு சாவி" என்றான் மெல்கர் உற்சாகமாக. "குனில்லாவுக்கு அந்தப் பொண்ணுக்கு வார நம்பர் தெரியாதுன்னு நல்லாவே தெரியும். தேதி எழுதிக் கொடுத்ததே அவங்கதான். தெரிஞ்சவங்க அந்தத் தப்பைப் பண்ணுவாங்களா? தெரியாத பெரிய மனுஷன்தான் பண்ணுவார். வாங்க, பேராசிரியர் கழுத்துல துண்டைப் போடுவோம்."

பேராசிரியர் வின்பெர்க் இனிக்க இனிக்கப் பேசினார். உயரமான மனிதர், விலை உயர்ந்த கம்பளிச் சட்டை. ஃபிலிப்பா மாதிரி திறமைசாலி இப்படிச் செய்தது தன் நெஞ்சைப் பிளந்துவிட்டது என்றார். நெஞ்சில் கைவைத்தே சொன்னார். மெல்கருக்கு அந்தக் கையின்மேலும் சந்தேகம் வந்தது.

"எனக்கு விஞ்ஞானம் ஏறாது ஸ்டெல்லான்" என்றாள் டாக்மார் அப்பாவியாக. "செல்லுக்குத் தீனி போடறதுன்னா என்னன்னு ஒரு தடவை காட்ட முடியுமா? ஃபிலிப்பா என்ன தப்பு பண்ணினான்னு அப்பத்தான் எனக்குப் புரியும்."

"தாராளமா!"

செல் அறைக்குக் கூட்டிப்போனார். மாட்டியிருந்த வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டார். அது யாருடையதோ, கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. முதல் குளிர்பெட்டியைத் திறந்தார். அட்டைப் பெட்டிகள். இரண்டாவதைத் திறந்தார். யாரோ வைத்த மீன் சாண்ட்விச். "மாத்தி வெச்சிருக்காங்க" என்று முணுமுணுத்தார். மூன்றாவதில் தீனிப் பாட்டில்கள் கிடைத்தன. அப்புறம் வெதுவெதுப்பான பெட்டியில் இருந்து செல் வளரும் தட்டைக் குடுவைகள் இரண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றில் திரவம் ரோஜா நிறம். மற்றதில் மஞ்சள்.

"பாருங்க, எவ்வளவு ஆரோக்கியம்!" என்று மஞ்சளை உயர்த்திப் பிடித்தார்.

மெல்கர் இருமலை வரவழைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். தீனி தீர்ந்து, செல் பட்டினி கிடந்தால்தான் மஞ்சள் ஆகும் என்று ஃபிலிப்பா திங்கட்கிழமையே அவனுக்குப் பாடம் எடுத்திருந்தாள். இன்ஷூரன்ஸ் விற்றவனுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை தீனி?" என்று கேட்டாள் டாக்மார்.

"தினமும்."

"ஞாயிறும்?"

"செல்லுக்கு ஏதம்மா ஞாயித்துக்கிழமை?"

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் மெல்கர் அப்படியே நின்றுவிட்டான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அவர் இல்ல, இல்லையா?"

"அவர் குடுவையைத் தொட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். எண்பத்து நாலாம் பக்கத்தை எழுதினவங்களுக்கு திங்கள், புதன், வெள்ளின்னு தீனி முறை தெரிஞ்சிருக்கு. எவ்வளவு ஊத்தணும்னு தெரிஞ்சிருக்கு. பொய்ப் பக்கத்துல அந்த ஒரு மருந்து அளவைத் தவிர மத்த எல்லாமே சரியா இருக்கு. இந்த மனுஷனை விட்டிருந்தா செல்லுக்கு மீன் சாண்ட்விச்சைப் போட்டிருப்பார்."

"எனக்கு அவரைக் கைது பண்ணணும்னு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா?" என்றான் மெல்கர் பரிதாபமாக. "ஆனா குனில்லாவுக்குத்தான் தெரியுமே, அந்தப் பொண்ணு வாரம் எழுதாதுன்னு?"

"தெரிஞ்சது மூளைக்கு. எழுதினது கை. முப்பத்தோரு வருஷமா தாளோட தலையில வாரம் எழுதின கை. பயத்துல எழுதறப்போ மூளை எங்கே மெல்கர் வேலை செய்யுது?"

மணி இரண்டு இருபது. குனில்லா எங்கே என்று கேட்டபோது, செல் அறைக்குப் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள்.

அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, மஞ்சள் குடுவையில் இருந்த பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரோஜா நிறத் தீனியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தாள். குடுவைமேல் இருந்த பெயரை மெல்கர் படித்தான். ஃபிலிப்பா.

"அவ இங்கே வராம மூணு வாரம் ஆச்சே" என்றாள் டாக்மார். "இன்னும் நீங்கதான் ஊட்டறீங்களா?"

"யாராவது பாக்கணுமே. விட்டா செத்துடும்."

"அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சது மொத்தமும் இந்தக் குடுவையிலதான் இருக்கு. அவளை வெளியே தள்ளிட்டு, இதை மட்டும் ஏன் காப்பாத்தறீங்க குனில்லா?"

குனில்லா மூடியைத் திருகினாள். எழுந்து குடுவையை வெதுவெதுப்பான பெட்டிக்குள் அதன் இடத்திலேயே வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். மறுத்துப் பேசுவாள், கத்துவாள் என்று மெல்கர் காத்திருந்தான். அவள் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க?"

டாக்மார் நகலை மேசையில் வைத்து, வாரத்தின்மேல் விரலை வைத்தாள். குனில்லா குனிந்து அதைப் பார்த்தாள்.

"அட, என் புத்தி கெட்ட கையே" என்றாள்.

"ரூனேவுக்கு வெறும் இருமல் இல்லையே?"

"இல்ல." குனில்லா கழற்றிய கையுறையை மடித்து மேசையில் வைத்தாள். "நுரையீரல். ரெண்டு தடவை மருந்து மாத்தியாச்சு. எதுவும் கேக்கல. திங்கக்கிழமை அந்தப் பன்னிரண்டு பேர்ல அவர் ஏழாவது. ஃபிலிப்பா சொன்னதைக் கேட்டா எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. மறுபடி அனுமதி, மறுபடி குழு, மறுபடி ஆறு மாசம். ரூனேகிட்ட ஆறு மாசம் இல்ல. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?"

மெல்கர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தான்.

"அந்தப் பொண்ணு பட்டம் போனா வேற பட்டம் வாங்கிக்கும்னு நினைச்சேன். சின்ன வயசு. நான் கெட்டவ இல்லைங்க."

"நீங்க அவ சொன்னது பொய்னு நினைச்சீங்களா?"

குனில்லா குடுவை இருந்த பெட்டியைப் பார்த்தாள். வாரத்துக்கு மூன்று முறை அதைக் கையில் எடுத்தவள் அவள். உள்ளே செல்கள் மருந்தைத் தாண்டி எப்படி மளமளவென்று வளர்ந்தன என்று அவளுக்குத் தெரியாதா?

"எனக்கு அதை நினைக்க தைரியம் வரல" என்றாள் கடைசியில்.

டாக்மார் மெல்கரைப் பார்த்தாள். அவன் கீழே போனான்.

ஃபிலிப்பாவை வாசலில் பார்வையாளராகப் பதிவு செய்து மாடிக்குக் கூட்டி வந்தபோது மணி இரண்டு ஐம்பது. வரும் வழியிலேயே மெல்கர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். விசாரணை நடக்கும் அறைக்கு வெளியே குனில்லா நின்றிருந்தாள். கோபமாக வந்த ஃபிலிப்பா, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"உங்களைத்தான் குனில்லா நான் இங்கே முழுசா நம்பினேன்" என்றாள். "எல்லாரையும் சந்தேகப்பட்டேன். உங்களை மட்டும் விட்டுட்டேன்."

"தெரியும் கண்ணு."

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்னை மன்னிக்க வேண்டாம்" என்றாள் குனில்லா. "ஒண்ணு மட்டும் சொல்லு. ரூனேவுக்கு அந்தப் பின்வாசல் பெல் இருக்கா இல்லையான்னு பாக்க எத்தனை நாள் ஆகும்?"

"ஆபரேஷன்ல எடுத்த திசு ஆஸ்பத்திரியில இருக்கும். என்னை உள்ளே விட்டாங்கன்னா பத்து நாள்ல சொல்லிடுவேன்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா மருந்து அவருக்கு வேலை செய்யும். தாராளமா கொடுக்கலாம். அவருக்கு முதல்ல கொடுங்கன்னு நானே சண்டை போடுவேன்."

"இருந்துச்சுன்னா?"

ஏதாவது சொல்லேன் என்று மெல்கர் மனசுக்குள் கெஞ்சினான். பார்க்கலாம், வேறு வழி இருக்கும், கவலைப்படாதீங்க, இப்படி ஏதாவது ஒன்று. இன்ஷூரன்ஸ் விற்ற காலத்தில் அவன் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொன்னவை.

ஃபிலிப்பா குனில்லாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இருந்துச்சுன்னா, இப்போதைக்கு என்கிட்ட எதுவும் இல்ல குனில்லா. திங்கக்கிழமை கொடுத்தா சீக்கிரம் போயிடுவார். கொடுக்கலைன்னா கொஞ்ச நாள் கூட இருப்பார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

குனில்லா அவள் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். பிறகு மடித்துவிட்ட கைச்சட்டையைப் பிரித்துக் கீழே இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினாள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஐந்து பேரும், ஓரமாகப் பேராசிரியரும் தலை நிமிர்ந்தார்கள்.

"நாங்க கூப்பிட்டது ஃபிலிப்பாவைத்தானே?" என்றார் நடுவில் இருந்தவர்.

"ஆமா. யார்கிட்டயும் பொய் சொல்லத் தெரியாத பொண்ணு அது" என்றாள் குனில்லா. "எண்பத்து நாலாம் பக்கத்தை எழுதினது நான். திங்கக்கிழமையை நிறுத்துங்க. பட்டியல்ல ஏழாவதா இருக்கறவர் என் புருஷன்."